ஓவன் இக்னைட்டர் போயிருச்சா? ஒரிஜினல், யுனிவர்சல், ஓ.டி.ஜி. மூணையும் பாத்தவ சொல்றேன்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கேஸ் ஓவன ஆன் பண்ணா கேஸ் வரல, ஆனா அடியில இருக்கற இக்னைட்டர், அதான் கரண்டுல பழுத்து கேஸ பத்த வைக்கற குச்சி, அது மட்டும் செக்கச்செவேல்னு எரியுதுன்னா "அது நல்லாத்தான இருக்கு, வேற எங்கயோ கோளாறு"ன்னு வால்வ கழட்ட போயிடாதீங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பத்து நாள வீணாக்குனோம், அதுவும் டிசம்பர் மாசம், பிளம் கேக் ஆர்டர் கையில இருக்கறப்ப. எரியற இக்னைட்டரும் செத்த இக்னைட்டரா இருக்கலாம்ங்கறது அப்பத்தான் தெரிஞ்சுது.

எங்க வீடு ஏற்காட்ல, நாகலூர் போற ரோட்ல. ஓவன் நாங்க வாங்குனது இல்ல. பெரிய நாத்தனார் பதினெட்டு வருஷம் அமெரிக்காவுல இருந்துட்டு கன்டெய்னர்ல சாமானெல்லாம் ஏத்திட்டு வந்தாங்க, கோயமுத்தூர்ல எடுத்த ஃபிளாட் கிச்சன்ல மேல அடுப்பும் கீழ ஓவனும் சேந்த அந்த 30 இன்ச் ரேஞ்சுக்கு எடமே இல்ல, "நீதான கேக்கு பிரெட்டுனு பண்ணிட்டு இருக்க, நீயே வச்சுக்க"ன்னு குடுத்துட்டாங்க. டெம்போவுல ஏத்தி 20 கொண்டை ஊசி வளைவும் ஏத்தி கொண்டு வந்து சேத்தோம். அங்க பைப்புல வர்ற நேச்சுரல் கேஸுக்கு இருந்த ஜெட்டெல்லாம் மாத்தி, அதோட ரெகுலேட்டர சிலிண்டர் கேஸுக்கு திருப்பி வச்சு, 230 வோல்ட்ட பாதியா கொறைக்க ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டறோம். கடிகாரம் மட்டும் சொன்ன பேச்சு கேக்காது. அங்க கரண்டு 60 ஹெர்ட்ஸ், இங்க 50, அது கரண்டோட துடிப்ப எண்ணி நேரம் காட்டற கடிகாரம், அதனால மணிக்கு பத்து நிமிஷம் பின்னாடி போகும். ஒரு மணி நேரம்னு டைமர் வச்சா 72 நிமிஷம் கழிச்சுத்தான் கத்தும். மொத கேக்கு கருகுனது அப்படித்தான். இப்ப டைமர் எல்லாம் போன்லதான்.

சரி, கோளாறுக்கு வர்றேன். நல்லா இருக்கற வரைக்கும் ஓவன திருப்புனா ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை நிமிஷத்துல "புஸ்"ஸுனு பத்திக்கும். ஐப்பசி மழை ஆரம்பிச்சப்ப அது ரெண்டு நிமிஷம் ஆச்சு, அப்புறம் நாலு, கார்த்திகைல காலைல மட்டும் பத்தும் சாயங்காலம் பத்தவே பத்தாதுன்னு ஆயிருச்சு. குளிருக்குத்தான் இப்படி பண்ணுதுன்னு நானே ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டேன்!

இந்த மாதிரி ஓவன்ல இக்னைட்டரும் கேஸ் வால்வும் ஒரே லைன்ல சீரிஸ்ல இருக்கு. இக்னைட்டர் வழியா போற அதே கரண்டுதான் வால்வுக்கும் போகணும். வால்வுக்குள்ள ரெண்டு உலோகத்த சேத்து ஒட்டுன ஒரு பட்டை, கரண்டு போய் சூடானா வளையும், வளைஞ்சாத்தான் கேஸுக்கு வழி விடும். இக்னைட்டர் போதுமான சூட்டுக்கு வராம கேஸ் வந்துறக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. இக்னைட்டர் செஞ்சிருக்கறது சிலிக்கன் கார்பைடு, நம்ம ஊர்ல கத்தி தீட்டற சாணைக்கல் போடறாங்களே அதே ஜாதி சரக்கு. வருஷக்கணக்கா சூடாகி ஆறி, சூடாகி ஆறி அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கிட்டே போகும், ஏற ஏற இழுக்கற கரண்டு கொறையும். கண்ணுக்கு செவப்பாத்தான் தெரியும், ஆனா வால்வ தொறக்கற அளவு கரண்டு அதுல ஓடாது. அவ்வளவுதான் விஷயம். இதுல கண்ண நம்பக்கூடாது, ஆம்ப்ஸ, அதாவது ஓடற கரண்டோட அளவத்தான் நம்பணும்.

ஆம்ப்ஸ் பாக்க கிளாம்ப் மீட்டர் வேணும், எலக்ட்ரீசியன் யார்கிட்டயும் இருக்கும். இக்னைட்டருக்கு போற ரெண்டு வயர்ல ஒண்ண மட்டும் கவ்வணும், ரெண்டையும் சேத்து கவ்வுனா பூஜ்யம்தான் காட்டும். எங்களுக்கு வந்த தம்பி மொத தடவ ரெண்டையும் சேத்து கவ்விட்டு "அக்கா கரண்டே வரல"ன்னாப்ல. இக்னைட்டர் எரியுது, கரண்டு வரலயாம்! அப்புறம் சரியா வச்சு பாத்தா மத்தியானம் 2.9, சாயங்காலம் 2.5. வால்வ் மேலயே 3.3லருந்து 3.6ன்னு அச்சடிச்சிருக்கு. டார்ச் அடிச்சு அத மொதல்லயே பாத்திருந்தா பத்து நாள் மிச்சம்.

இப்ப என்ன வாங்கறதுங்கற கேள்வி. எங்க முன்னாடி இருந்த வழி நாலு. கம்பெனி மாடல் நம்பருக்கு ஏத்த ஒரிஜினல் இக்னைட்டர், எல்லா ஓவனுக்கும் பொருந்தும்னு விக்கற யுனிவர்சல், இக்னைட்டரே வேணாம்னு தீக்குச்சியில பத்த வைக்கற மாதிரி மாத்தறது, எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு ஓ.டி.ஜி.ன்னு கரண்டுல ஓடற சின்ன ஓவன் ஒண்ணு வாங்கறது. மூணாவத மொதல்ல முடிச்சுடறேன், ஏன்னா அத யாரும் யோசிக்கக்கூட கூடாது.

சேலத்துல செவ்வாய்ப்பேட்டை பக்கம் அடுப்பு ரிப்பேர் பண்றவர் ஒருத்தர், கைவேலை சுத்தமான ஆளுதான், பழைய இக்னைட்டர திருப்பி திருப்பி பாத்துட்டு "இது நம்ம ஊரு சரக்கு இல்லீங்க, வால்வ எடுத்து வீசிட்டு நேரா பைப்ப குடுத்துடறேன், நீங்க குச்சிய பத்த வச்சு காட்டுனா போதும்"னாரு. கேக்க சுலுவாத்தான் இருக்கும். ஆனா அந்த வால்வ் இல்லாம போனா காத்துல தீ அணைஞ்சாலும் கேஸ் வந்துக்கிட்டே இருக்கும், சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், மேல போகாது, ஓவன் அடியிலயும் தரையிலயும் தேங்கும். ஏற்காட்ல மார்கழி குளிருக்கு சன்னல் எல்லாம் சாத்தித்தான் கெடக்கும். வேணாங்க. நம்ம ஊர் குக்கிங் ரேஞ்சுல குச்சி வச்சு பத்த வைக்கறாங்களேன்னு கேப்பீங்க, அதுல தெர்மோகப்பிள்னு ஒரு ஊசி தீயில சூடாகிட்டே இருந்து வால்வ புடிச்சு வச்சிருக்கும், தீ அணைஞ்சா வால்வும் மூடிக்கும். அதுக்குத்தான் பத்த வச்சதும் திருகிய பத்து பதினஞ்சு செகண்டு அமுக்கி புடிக்க சொல்றது. அது வேற அமைப்பு. ஒண்ணுல இருக்கற பாதுகாப்ப புடுங்கிட்டு இன்னொண்ண போடாம விடறதுக்கு பேரு ரிப்பேர் இல்ல.

பக்கத்து எஸ்டேட் பங்களாவுல அந்த மாதிரி உள்ளூர் ரேஞ்ச் இருக்கு, ஸ்பார்க் வச்சது, அவங்களுக்கு இந்த தலைவலியே கெடையாது, கரண்டு போனாலும் ஓவன் எரியும், ஸ்பார்க் முனை கெட்டாலும் சில நூறு ரூபாயில வேல முடிஞ்சுது. புதுசா ஓவன் வாங்கப்போறவங்க அந்த பக்கம் யோசிங்க. நான் அத ஒரு மாசம் கூட சொந்தமா ஓட்டுனதில்ல, அதனால அதுக்கு மேல பேச மாட்டேன்.

இப்ப யுனிவர்சல். எங்க வீட்டுக்காரர் ஆன்லைன்ல தேடி, வெலையும் கம்மி, "எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தான்னு ஆர்டர் போட்டுட்டாரு. வந்தது உருண்டை டைப்பு, சுருள் மாதிரி. எங்க ஓவன்ல இருந்தது தட்டை. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, "வடிவம் எப்படி இருந்தா என்ன, சூடானா சரி"ன்னாரு. சூடாச்சு, பழச விட பளபளன்னு சூடாச்சு, மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், கேஸ் மட்டும் வரல. அப்புறம்தான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டோம், உருண்டை டைப்பு பொதுவா 2.5லருந்து 3 ஆம்ப்ஸ் இழுக்கறது, தட்டை டைப்பு 3.2லருந்து 3.6. உருண்டைக்குன்னு செஞ்ச வால்வ் வேற, தட்டைக்குன்னு செஞ்ச வால்வ் வேற. எங்க வால்வுக்கு உருண்டைய போட்டா கதவ தட்டிட்டே நிக்க வேண்டியதுதான், தொறக்காது.

இதுக்கு நேர் எதிர் தப்பு இன்னும் மோசம். உருண்டைக்கு செஞ்ச வால்வுல தட்டைய மாட்டுனா கரண்டு அதிகமா போயி, இக்னைட்டர் முழுசா காயறதுக்கு முன்னாடியே வால்வ் தொறந்துக்கும், கேஸ் உள்ள சேர்ந்து அப்புறம் "டொப்"புனு ஒரேயடியா பத்தும். போகப்போக வால்வும் கெட்டுப்போகும். அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னா வால்வ் மேல இருக்கற நம்பர காட்டி கேளுங்க. யுனிவர்சல்லயே தட்டை டைப்பும் விக்கறாங்க, ஆம்ப்ஸ் ஒத்துப்போனா அது ஓடத்தான் செய்யும்னு நெனைக்கறேன், நான் போட்டு பாக்கல. ஆனா யுனிவர்சல்ல இன்னொரு தொல்லை வயர். ஒரிஜினல்ல முனையில பிளக் இருக்கும், சொருகுனா முடிஞ்சுது. யுனிவர்சல் மொட்டை வயரா வரும், பழச வெட்டிட்டு பீங்கான் தொப்பி போட்டு முறுக்கணும். அந்த தொப்பி பாக்கெட்டுலயே இருந்துச்சு, நம்ம தம்பி அத என்னமோன்னு ஓரமா வச்சுட்டு சாதா கருப்பு டேப்ப சுத்திட்டாப்ல. அர மணி நேரத்துல பிளாஸ்டிக் கருகுன நாத்தம் வீடு பூரா. நல்லவேளை அப்ப உள்ள கேக்கு இல்ல.

ஓ.டி.ஜி. பத்தி சொல்லணும்னா, பக்கத்து வீட்டு அக்கா அவங்களோடத மூணு வாரம் குடுத்து ஒதவுனாங்க, அந்த டிசம்பர் ஆர்டர் முழுக்க அதுலதான் ஓடுச்சு, அதனால திட்ட எனக்கு மனசு வராது. சின்ன கேக்கு, பிஸ்கட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு கிலோ ரெண்டு கிலோன்னா அதுவே போதும். கேஸ் ஓவன்ல அடியிலருந்து வர்ற ஈர சூடு இல்லாததால மேல் பக்கம் சீக்கிரம் செவந்துக்கும், அலுமினிய தாள் போட்டு மூடிக்கணும். நான் நாலு பிரெட்டு ஒரே தடவையா வைக்கற ஆளு, அதுல ரெண்டுக்கு மேல போகல. அந்த ஹீட்டர் குழாய்க்குள்ள கம்பிய சுத்தி அடைச்சிருக்கற வெள்ள பொடி மெக்னீசியம் ஆக்சைடு, நம்ம சேலத்து மேக்னசைட் மேட்டுல தோண்டற கல்ல சுட்டா கெடைக்கறதும் அதேதான். என்ன இருந்தாலும் ஒறவுக்கார பொருளு.

ஆனா ஓ.டி.ஜி. 2000 வாட்ஸ்னு பெட்டில போட்டிருந்தா அது 230 வோல்ட்டுக்கு. இங்க சாயங்காலம் 200 வோல்ட் வந்தா அது 1500 வாட்ஸ் பக்கந்தான் சூடு குடுக்கும், வோல்ட் கொறையறத விட வேகமா சூடு கொறையும். சாயங்காலம் அந்த ஏழு, எட்டு மணி வாக்குல எத வச்சாலும் வேகறதுக்குள்ள விடிஞ்சுரும் போல இருந்துச்சு. அப்புறம் ஈ.பி. பில்லு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீங்கறதெல்லாம் சரி, 500 தாண்டுச்சுன்னா ரேட்டே வேற கணக்குல போயிரும், டெய்லி ரெண்டு மூணு மணி நேரம் ஓ.டி.ஜி. போட்டா எங்கள மாதிரி கீசரும் வச்சிருக்கற வீட்ல 500 தாண்டாம இருக்கறது கஷ்டம். மாசத்துக்கு நாலு கேக்கு பண்றவங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்ல, அவங்க இக்னைட்டர் தேடி அலையறத விட ஓ.டி.ஜி. வாங்கிக்கறதே மேல்னு நான் சொல்லுவேன்.

எனக்கு ஒரிஜினல்தான். நாத்தனார் பையன் பொங்கலுக்கு வர்றான்னு தெரிஞ்சதும் கதவ தொறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கற தகட்டுல மாடல் நம்பர போட்டோ எடுத்து அனுப்புனேன், அவன் அந்த நம்பருக்கே உரிய இக்னைட்டர பாத்து வாங்கிட்டு வந்தான். 60 டாலர் பக்கம் ஆச்சு, நம்ம காசுக்கு அஞ்சாயிரம், யுனிவர்சல் மாதிரி ரெண்டரை மடங்கு. "இந்த குச்சிக்கு அஞ்சாயிரமா, அத்த நெசமாவே இது வேணுமா"ன்னு ஏர்போர்ட்லருந்தே கேட்டான். அது எவ்வளவு பூஞ்சை தெரியுமா, சாக்பீஸ் மாதிரி, லேசா தட்டுனாலே விரிசல் விட்டுரும், விரிசல் விட்டா மாட்டறதே வீண். எவர்சில்வர் டப்பாவுல பஞ்சு வச்சு, சேலம் ஜங்ஷன்லருந்து அந்த 20 வளைவும் மடியில வச்சுக்கிட்டே வந்தேன், கொழந்தைய கூட நான் அவ்வளவு பத்திரமா தூக்கிட்டு வந்ததில்ல.

மாட்டுறது பெரிய வித்தை இல்ல. சிலிண்டர் ரெகுலேட்டர மூடிட்டு, பிளக்க புடுங்கிட்டு, உள்ள இருக்கற கம்பி தட்டெல்லாம் எடுத்து, அடித்தகடு பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ, அத கழட்டி தகட்ட தூக்குனா பர்னரும் பக்கத்துல இக்னைட்டரும் தெரியும். இக்னைட்டர புடிச்சிருக்கறது ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. அந்த ரெண்டுதான் உயிர வாங்கும். பத்து வருஷம் சூட்டுல வெந்து துரு ஏறி ஒண்ணு தலையோட முறிஞ்சே போச்சு. முந்துன நாளே துரு விடுற எண்ணெய அடிச்சு ஊற விட்டிருந்தா முறிஞ்சிருக்காது, அவசரம். புதுச எடுக்கறப்ப அந்த கருப்பு பாகத்துல வெரல் படாம பீங்கான் அடிப்பாகத்த மட்டும் புடிக்கணும், வெரல்ல இருக்கற எண்ணெய் பசை பட்ட எடத்துல அதிகமா சூடாகி அங்கயே முறியும்னு சொல்றாங்க. நான் சுத்தமான துணி வச்சுத்தான் புடிச்சேன்.

மாட்டி, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆன் பண்ணா அம்பது செகண்டு, "புஸ்". கிளாம்ப் மீட்டர்ல 3.4. அத பாத்ததும் அஞ்சாயிரம் போனதே மறந்து போச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு பிரெட்டு வைக்கலாம்னு திருப்பறேன், செக்கச்செவேல்னு எரியுது, கேஸ் வரல.

அழுகையே வந்துருச்சு, நெசமா. வீட்டுக்காரரு "புதுசும் போச்சா, வால்வுதான் போயிருக்கும், நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. மறுநாள் காலைல அதே ஓவன் ஒரு நிமிஷத்துல பத்துது. சாயங்காலம் மறுபடி இல்ல. அப்பத்தான் தம்பிக்கு போன் போட்டேன், "ஆம்ப்ஸ் பாக்கறது இருக்கட்டும், வோல்ட்ட பாரு"ன்னு. பிளக்குல 195 வோல்ட். எங்க ஸ்டெப் டவுன் வர்றத பாதியா ஆக்கறது, அவ்வளவுதான் அதுக்கு தெரியும், 230 வந்தா 115 குடுக்கும், 195 வந்தா 97தான் குடுக்கும். ஓவன் கேக்கறது 120. இக்னைட்டர் எவ்வளவு புதுசா இருந்தாலும் 97 வோல்ட்ல 3.4 ஆம்ப்ஸ் எங்கருந்து இழுக்கும், மீட்டர் 2.8னு காட்டுச்சு. கடைசில பாத்தா பழைய இக்னைட்டர் காலைல பத்தி சாயங்காலம் பத்தாம போனதுக்கு பாதி காரணம் அதோட வயசு, மீதி பாதி எங்க ஊரு சாயங்கால வோல்ட்டேஜ், எல்லா வீட்லயும் ஹீட்டரும் லைட்டும் போடற நேரம். குளிரு மேல பழிய போட்டேனே, அது பாவம் சுத்தி வளைச்சு உண்மைதான் போல!

அதனால இந்த மாதிரி வெளிநாட்டு ஓவன் வச்சிருக்கற யாரா இருந்தாலும், ஒரிஜினலா யுனிவர்சலான்னு யோசிக்கறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஏழு மணிக்கு பிளக்குல எவ்வளவு வோல்ட் வருதுன்னு பாருங்க. மத்தியானம் பாத்து பிரயோஜனம் இல்ல. எலக்ட்ரீசியனுங்க மத்தியானந்தான் வருவாங்க, அதான் சிக்கல். நீங்களே ஒரு சாதா மல்டிமீட்டர் வாங்கி வச்சுக்கோங்க, சில நூறு ரூபாதான். வோல்ட் சரியா இருந்து ஆம்ப்ஸ் கம்மின்னா இக்னைட்டர மாத்துங்க. வோல்ட்டே கம்மின்னா எந்த இக்னைட்டர் போட்டாலும் இதே கதைதான், இன்னும் அஞ்சாயிரம் போகும். பழசோட ஆயுசு முடிஞ்சுருச்சான்னு உறுதியா சொல்லணும்னா ஓவனுக்கு 115 வோல்ட்டாவது போறப்ப எடுத்த ஆம்ப்ஸ மட்டும் கணக்குல வையுங்க. எங்களது மத்தியானம் 2.9, அதனால பழசு போனது உண்மைதான், வாங்குனது வீண் இல்லன்னு மனச தேத்திக்கிட்டேன்.

அப்புறம் 1 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் ஒண்ணு சேலம் டவுன்ல வாங்கி, சுவர் பிளக்குக்கு அடுத்து ஸ்டெபிலைசர், அதுக்கு அடுத்து ஸ்டெப் டவுன், அதுக்கு அடுத்து ஓவன்னு வரிசையா போட்டோம். இக்னைட்டர் மட்டுமே 400 வாட்ஸ் கிட்ட இழுக்கும், ஓவன் லைட்டு, ஃபேன் எல்லாம் சேத்தாலும் 1 கே.வி.ஏ. தாராளம், ஸ்டெப் டவுனும் அதே அளவு இருக்கட்டும். பத்தறதுக்கு மட்டும்தான 400 வாட்ஸ்னு நெனைக்காதீங்க, பர்னர் எரியற நேரம் பூரா இக்னைட்டரும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அது நின்னா வால்வ் மூடிக்கும். அதுதான் இதுல பெரிய கொறை, ஒத்துக்கறேன். கரண்டு போச்சுன்னா ஓவனும் போச்சு, மேல இருக்கற அடுப்பு பர்னரையாவது குச்சி வச்சு பத்த வைக்கலாம், ஓவன முடியாது. சித்திரைல இடி மழை வர்ற சாயங்காலம் நான் பிரெட்டு மாவே பெசையறதில்ல. சின்ன இன்வெர்ட்டர் இருக்கு, அதுல இத போடலாமான்னு தம்பிகிட்ட கேட்டேன், "அக்கா வேணாம், பேட்டரி அர மணி நேரத்துல படுத்துரும்"னாப்ல. போட்டு பாக்கல.

செலவு கணக்கு பாத்தா ஒரிஜினல் அஞ்சாயிரம், ஸ்டெபிலைசர் மூவாயிரத்து சொச்சம், வீணாப்போன யுனிவர்சல் ரெண்டாயிரத்துக்கு பக்கம், தம்பி நாலு தடவ வந்ததுக்கு தனி. இதுக்கு ஒரு நல்ல ஓ.டி.ஜி. வந்திருக்கும்தான். என் நாத்தனாரே அதத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு கேஸ் செலவு ஒரு மணி நேர பேக்கிங்குக்கு கால் கிலோ சொச்சம்தான் ஆகுது, 14.2 கிலோ சிலிண்டர வச்சு நான் கணக்கு போட்டு பாத்தது இது, தராசு வச்சு எடை போடல. நாலு பிரெட்டு ஒரே தடவையா வெந்து வர்றப்ப அந்த கணக்கு எனக்கு கட்டுபடியாகுது. ஆர்டர் இல்லாம வீட்டுக்கு மட்டும் பண்ணியிருந்தா இந்த அலைச்சல் அலைஞ்சிருக்க மாட்டேன்.

ஒரிஜினல் போட்டு இப்ப 14 மாசம் ஆச்சு. போன வாரம் பாத்தேன், ஏழு மணிக்கு 3.4, மாறவே இல்ல. எத்தன வருஷம் ஓடும்னு கேட்டா அதுக்கு 14 மாசம் பத்தாது, நாத்தனார் வீட்ல மொத இக்னைட்டர் பத்து வருஷத்துக்கு மேல ஓடுச்சு, ஆனா அவங்க கணக்குக்கு வாரத்துக்கு ஒரு தடவ, நான் வாரத்துல அஞ்சு நாள். மாசாமாசம் ஒண்ணாந்தேதி பத்தறதுக்கு எத்தன செகண்டு ஆகுதுன்னு காலண்டர்ல குறிச்சு வைக்கறேன், இப்ப 52, 55ன்னு இருக்கு. அது 90 தாண்டுன மாசம் நாத்தனார் பையனுக்கு மெசேஜ் போட்டுருவேன், டிசம்பர் வரைக்கும் இழுக்க மாட்டேன்.

முறிஞ்ச அந்த ஸ்க்ரூ இன்னும் உள்ளயேதான் இருக்கு. டிரில் போட்டு எடுக்கணும்னு தம்பி சொன்னாப்ல, ஆட்டம் இல்லாம ஒரே ஸ்க்ரூவுலயே நிக்குது, ஆனாலும் ஓவன் கதவ நான் மெதுவாத்தான் சாத்தறேன்.